கிளிக்குச் சுற்றிப் போட்டது

எங்கள் வீட்டுக்குக் கிளி வந்தது என் சம்மதத்தோடு அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினால் கேட்டதை வாங்கித் தருவதாக மகளுக்கு அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கைபேசி கேட்பாள், மிஞ்சிப்போனால் ஸ்கூட்டி கேட்பாள் என்று நினைத்திருந்தார். அவள் கிளி கேட்டாள். அதுவும் நம் ஊர்ப் பச்சைக்கிளி இல்லை. அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்று அப்பாவுக்கே சட்டம் சொன்னாள். இவள் கேட்டது தென் அமெரிக்கக் கிளி, சன் கன்யூர் என்று பெயர். கோவளம் பக்கம் ஒருவர் பண்ணை போல வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்து விற்கிறார் என்பதைக்கூட விசாரித்து வைத்திருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் இது என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

வந்தபோது அது பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக, அரைகுறையாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. மகள் அதற்கு மாவைக் கரைத்து ஊசிக்குழலில் ஊட்டினாள். வளர வளர மஞ்சள் ஏறியது, முகத்திலும் மார்பிலும் ஆரஞ்சு ஏறியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குரல் இருக்கிறதே! உள்ளங்கையில் அடங்குகிற உடம்பிலிருந்து எப்படி அத்தனை சத்தம் வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் முளைத்த அடுக்ககம் எங்களுடையது. அதில் இருந்த அத்தனை குடும்பங்களும் எங்களை முதலில் தெரிந்துகொண்டது அந்தக் குரலால்தான். நான் விடியுமுன் எழுந்து திருப்போரூர் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகத்துக்கு ஓடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது தூங்கலாம் என்று படுத்தால் அது விடாது.

கிளியோடு கூடவே சட்டதிட்டங்களும் வந்தன. மின்விசிறி ஓடும்போது கூண்டைத் திறக்கக்கூடாது. ஊதுவத்தி கூடாது. நான்ஸ்டிக் தவாவும் வாணலியும் அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து ஒரு வாயு வருமாம். மனிதருக்குச் சட்டென்று எதுவும் தெரியாது, பறவையின் நுரையீரல் தாங்காது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எங்கள் இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் திருப்போரூரில் இரும்பு தோசைக்கல் வாங்கி வந்தேன். வாணலியைக் கீழ்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். தவா மட்டும் பரணுக்குப் போனது. என் கணவருக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது. அறுந்த செருப்புக்குக்கூட ஓர் எதிர்காலம் இருக்கிறது என்று நம்புகிறவர்.

அவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அணு ஆராய்ச்சி வளாகத்தில் உலோகங்களைச் சோதிக்கிற வேலை. கார் வாங்கியபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததற்கு ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார். ராகுகாலம் பார்த்துக் கிளம்புகிற சொந்தக்காரர்களிடம், "ராகுவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். மகள் என்றால் மட்டும் அந்த ஆள் கரைந்துபோவார்.

மகள் பொத்தேரியில் உயிரித் தொழில்நுட்பம் சேர்ந்தாள். முதல் வருடம் தினமும் பேருந்தில் போய்வந்தாள். மாமல்லபுரத்துக்கு நடந்து, அங்கே பேருந்து ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து ரயில். வீடு திரும்பும்போது முகம் வாடிய கீரையாக இருக்கும். ஆனாலும் கிளி தோளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தண்ணீரே குடிப்பாள்.

அந்த வருடம் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் இருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"அம்மா, நம்ம வீட்ல இருக்கிறது அழிஞ்சுட்டு வர்ற இனம்மா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஈ.சி.ஆர். முழுக்க விற்கிற பறவை எப்படி அழியும் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பிரேசிலின் வடக்கு ஓரத்திலும் கயானாவிலும் பனைமரங்கள் நிற்கிற புல்வெளிகள்தான் அதன் ஊராம். கூட்டம் கூட்டமாகப் பறந்த ஊர்கள் இன்று வெறிச்சோடிக் கிடக்கின்றனவாம். காட்டை அழித்தார்கள் என்பதைவிட, பிடித்து விற்றார்கள் என்பதுதான் முக்கியக் காரணமாம். "நம்மது பண்ணையில பொரிச்சதுதான். ஆனா அதோட பாட்டனையோ முப்பாட்டனையோ யாரோ பொறி வச்சுப் பிடிச்சிருக்காங்க. நான் ஆசைப்பட்டுக் கேட்டேன் பாரு, அந்த மாதிரி யாரோ ஆசைப்பட்டுக் கேட்டதுக்காக."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிரேசிலில் ஒரு நீலக் கிளி காட்டில் அடியோடு அற்றுப்போய், கூண்டுகளில் மிச்சமிருந்தவற்றின் குஞ்சுகளைக் கொண்டுபோய் மறுபடி பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். பியூர்ட்டோ ரீக்கோ தீவில் ஒரு பச்சைக்கிளி, ஒரே புயலில் பாதிக்கு மேல் செத்துப்போயிற்று. வட அமெரிக்காவிலும் ஒரு கிளி இருந்ததாம், எங்கள் வீட்டுக் கிளிக்கு மிக நெருங்கிய சொந்தம். வயலில் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால் மற்றவை பறந்து போகாதாம். விழுந்ததைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துமாம். அதனால் கூட்டத்தையே சுட முடிந்தது. இப்போது அந்த இனத்தில் ஒன்றுகூட இல்லை.

சாம்பார் ஆறிப்போனது. அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"இனி நம்ம வீட்டுக்கு இன்னொரு பறவை வரக்கூடாதுப்பா. வாங்கவே கூடாது. இருக்கிற இதை அதோட ஆயுசுக்கும் நல்லா வச்சுக்கணும். அதுதான் நாம செய்யக்கூடியது. சத்தியம் பண்ணு."

இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை அது. எங்கள் ஓய்வு காலம் முழுக்க அந்தக் கத்தலைக் கேட்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்காமல் சத்தியம் செய்தார்.

இரண்டாம் வருடம் அலைச்சல் தாங்காமல் அவள் விடுதிக்குப் போனாள். கிளி எங்கள் பொறுப்பானது. கொஞ்ச நாளில் அது தன் மார்பு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. ஆரஞ்சு இறகுகள் கூண்டின் அடியில் கிடக்கும், மார்பில் உரித்த கோழி மாதிரி இளஞ்சிவப்பாகத் தோல் தெரியும். பார்க்கவே சங்கடமாக இருந்தது. சென்னைக்குக் கொண்டுபோய்ப் பறவை மருத்துவரிடம் காட்டினோம். நோய் இல்லை, தனிமை என்றார். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும், கடித்து விளையாட ஏதாவது தர வேண்டும் என்றார். என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்த கையோடு அதன் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படிப்பார். இருபது வருடமாக என்னோடு பேசாத அரசியலெல்லாம் கிளியோடு பேசினார். அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு இன்னொரு இறகைப் பிடுங்கிப் போட்டது.

மகள் தினமும் காணொளியில் அழைப்பாள். "அதோட மார்பைக் காட்டுப்பா" என்பாள். அவர் கூண்டைக் கொஞ்சம் திருப்பி, நிழலில் வைத்துக் காட்டுவார். ஒரு தடவை கிளியின் மார்பைப் பார்த்ததும் அவள் அழைப்பைத் துண்டித்தாள். விடுதியை விட்டு வந்துவிடுகிறேன் என்று மறுநாள் சொன்னபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "நீ படி. நீ வர்றதுக்குள்ள அது தேறிடும். அப்பா பாத்துக்கறேன்" என்றார் இவர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கீழ்வீட்டுக்காரி இந்த ஊர்க்காரி. பள்ளி அலுவலகத்தில் வேலை. மனதில் பட்டதை அப்படியே சொல்கிற பெண். ஒரு நாள் காலை பால் பாக்கெட்டைக் கொடுக்க மேலே வந்தவள் கூண்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, கிளி இப்டி மொட்டையா கீது?"

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அட போக்கா. எத்தினி பேரு வந்து பாத்துகினு போறாங்க, போட்டோ புடிச்சிகினு போறாங்க. கண்ணு படாம இன்னா பண்ணும்? கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. மொளகா, உப்பு, கடுகு எடுத்து மூணு சுத்து சுத்தி நெருப்புல போடு. நெடி வந்துச்சின்னா ஒண்ணியும் இல்ல. நெடி வர்லன்னா கண்ணு பட்டுகீதுன்னு அர்த்தம். வர்ற வரிக்கும் வுடாத. ஆனா சமைக்கிற சட்டில போடாத, ஆவாது."

நான் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பிவிட்டேன். கணவருக்கு அன்று விடுப்பு. செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மற்றதெல்லாம் அவர் பிறகு சொல்லித் தெரிந்தது. நம்பிக்கை இல்லை, ஆனால் செய்வதில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியதாம். உலகத்தில் பாதிக் காரியம் இந்த ஒரு வாக்கியத்தால்தான் நடக்கிறது. சமைக்கிற பாத்திரம் கூடாது என்றாளே என்று பரணில் ஏறி, சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய அந்தத் தவாவை எடுத்திருக்கிறார். அது ஏன் ஒதுக்கப்பட்டது என்பது அவர் மனதில் ஏறவேயில்லை. சமையலுக்குத்தானே கூடாது, இது சமையல் இல்லையே! கிளியின் கூண்டைச் சமையலறை வாசலில் வைத்து, மிளகாயும் கல்லுப்பும் கடுகும் கையில் அடக்கி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறார். கடல் காற்று அடுப்பை அணைத்து அணைத்துப் போட்டது என்று பால்கனிக் கதவையும் சன்னலையும் சாத்தியிருக்கிறார். தவாவைப் பெரிய தீயில் வைத்து எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார்.

கடுகு வெடித்தது. மிளகாய் கருகியது. நெடி வரவில்லை. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கண்டிப்பாகக் கண் பட்டிருக்கிறது என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பியதாகச் சொன்னார். நெடி வரும்வரை விடக்கூடாது அல்லவா? மிளகாய் கரியாகி, தவா மட்டும் காய்ந்துகொண்டிருக்க, அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கூண்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினால் கிளி தரையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கதவைத் திறந்து, கூண்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். மாடிப்படி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சத்தமே இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டு வேண்டிக்கொண்ட அமைதி அது.

"புதைச்சிட்டேன். சவுக்குத் தோப்புல" என்றார்.

நான் கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துபோனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நீதான் என்றேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

மகளிடம் சொல்ல வேண்டும் என்றேன். பரீட்சை முடியட்டும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. காணொளியில் அவள் கிளியைக் கேட்டபோது, தூங்குகிறது, தொந்தரவு செய்யக்கூடாதென்று மருத்துவர் சொன்னார், புது மருந்து என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு பொய்க்கும் காது மடல் சிவந்தது. பரீட்சை முடிகிற சமயத்தில் ஒரு காலை, "கோவளம் வரைக்கும் வர்றியா?" என்று கேட்டார். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொன்னேன், சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். ஆனாலும் அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே போனேன்.

பண்ணைக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா சார், கிளி போயிடுச்சா? அட, வுடு சார், மன்சனே போறான். அதே வயசுல வோணுமா? தோ பாருங்க, அச்சு அசலா கீது. வூட்ல வுட்டா பாப்பாவுக்கே தெரியாது."

ஒரு பெரிய கூண்டு நிறைய அதே மஞ்சள், அதே ஆரஞ்சு. எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நாங்கள் பக்கத்தில் போனதும் எல்லாம் ஒன்றாகக் கத்தின. சொந்த ஊரில் தேடிப் பார்க்க வேண்டிய பறவை, கோவளத்தில் கத்திரிக்காய் மாதிரி பொறுக்கி எடுக்கக் கிடக்கிறது. எனக்கு அங்கே நிற்கவே கூசியது. என் கணவர் கம்பிக்கு அருகில் குனிந்து, ஒவ்வொன்றின் முகமாகப் பார்த்தார். எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அது அங்கே இல்லை என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் பண்ணைக்காரரே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

மகள் வந்த அன்று அவர் மாமல்லபுரம் போய் ஸ்கூட்டரில் அழைத்து வந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் புதுக் கிளி ஓடிவந்து அவள் கையில் ஏறி, தோளுக்குப் போய், தலைமுடியைக் கோதியது.

"பாத்தியா? இறகெல்லாம் முளைச்சிடுச்சு. நான் சொன்னேனா இல்லையா?" என்றார் அவர். காது மடல் சிவந்திருந்தது.

அவள் அதன் மார்பைப் பார்த்தாள். அடர்த்தியாக, பளபளவென்று, ஓர் இறகுகூடக் குறையாத மார்பு. விரலால் மெல்லத் தடவினாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் பாதியாக இளைத்திருந்தார்.

"ஆமாப்பா. நல்லா முளைச்சிருக்கு" என்றாள்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் பின்னாலேயே வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டாள்.

"எங்கேம்மா புதைச்சீங்க?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் நான் வந்தா அது முதல்ல முதுகைத்தான் காட்டும்மா. விட்டுட்டுப் போனேன்னு கோவம். அரை மணி நேரம் கெஞ்சணும். இது ஆசையா ஓடி வருது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாத."

எப்படிச் செத்தது என்று அவள் கேட்டாள், நான் சொன்னேன். தவா என்ற வார்த்தை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டவில்லை. என்னைப்போல அவளுக்கு வாய் நீளவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மறுநாள் காலை அவர் அலுவலகப் பேருந்துக்குப் போன பிறகு, அவளும் நானும் சவுக்குத் தோப்புக்கு நடந்தோம். இடம் எனக்குச் சரியாகத் தெரியாது, கடல் பக்கத்து ஓரம் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார். தேடிக்கொண்டு நடந்தோம். கடைசி வரிசை மரங்களுக்கு அடியில், சவுக்கு முள் கூட்டித் தள்ளப்பட்டு ஒரு முழம் இடம் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரு வாழை இலைத் துண்டு. அதில் உரித்த இளம் மக்காச்சோளம் பாதி, கொஞ்சம் மாதுளை முத்துக்கள். மாதுளை இன்னும் வாடவில்லை. எறும்புகள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன.

"அப்பாவா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அவர் காலையில் சீக்கிரமே கிளம்புவதைப் பேருந்து நேரம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் இறந்தபோது, படையலெல்லாம் உயிரோடிருக்கிறவர்கள் சாப்பிடுவதற்குத்தான் என்று சொல்லிப் புரோகிதரிடம் சண்டைபோட்ட மனிதர் அவர்.

மகள் மணலில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். கிளிக்காகவா அப்பாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை. எழுந்து பாவாடையில் ஒட்டிய முள்ளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவரா சொல்லட்டும்மா. அதுவரைக்கும் நாம கேக்க வேண்டாம்."

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விடுமுறைக்கு அவள் வரும்போதெல்லாம் அவர் கிளியின் மார்பைக் காட்டுகிறார், அவள் நன்றாக முளைத்திருக்கிறது என்கிறாள். அவர் இன்னும் சொல்லவில்லை.